ஆஜர் சொன்னவளுக்கு

நான் இன்னும் புடவையை மாற்றவில்லை. கோர்ட்டிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிப் போட்டதும், தண்ணீர்கூடக் குடிக்காமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். காலையில் உன் இஸ்திரிப் பெட்டியில் கரி போட்டு, நீ செய்கிற மாதிரியே தண்ணீர் தெளித்துத் தெளித்துத் தேய்த்த காட்டன் புடவை இது. பூந்தமல்லி வெயிலும் பஸ் நெரிசலும் பட்டும் முந்தானையில் அந்தச் சூட்டு வாசனை போகவில்லை. கரியும் கஞ்சியும் கலந்த வாசனை. உன் பக்கத்தில் உட்கார்ந்தால் இதுதான் அடிக்கும். பஸ்ஸில் வரும்போது முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் எனக்கு ஜலதோஷம் என்று நினைத்து ஒரு தைலக் குப்பியை நீட்டினார்.

உன்னிடம் ஒரு பெரிய விஷயம் சொல்ல வேண்டும். வாய் துறுதுறு என்கிறது. ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டேன், போ. அயன் வண்டி பக்கத்தில் என்னை நிற்க வைத்து, முடிவை மட்டும் மடியில் கட்டிக்கொண்டு, எத்தனை கதையை இழு இழு என்று இழுத்திருக்கிறாய்! இன்றைக்கு என் முறை.

நாம் முதலில் பார்த்துக்கொண்டதே அந்தக் கோர்ட் வராந்தாவில்தானே. ஜீவனாம்சம் கேட்டு மனுப் போட்டிருந்த பெண்களெல்லாம் சுவரோரம் உட்கார்ந்திருந்தோம். என் இடுப்பில் யாழினி. முந்தானை முழுக்க அவள் கக்கிய பால். நீ மடிப்புக் கலையாத நீலப் புடவையில், ரோஜாவை மடியில் போட்டுக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வந்தவள் மாதிரி இருந்தாய். என்னை மேலும் கீழும் பார்த்தாய்.

“இன்னாமே, கோர்ட்டுக்கு வரச்சொல்ல இப்டியா கசங்கிகினு வருவாங்க? கசங்கின துணிய பாத்தா, ஆளையும் கசக்கலாம்னு தோணும் அவுங்களுக்கு.”

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். முன்பின் தெரியாதவள் ‘மே’ போட்டுப் பேசினால் பொறுக்குமா? உன் வேலையைப் பாருட்டி என்று வெடுக்கென்று சொன்னேன். நீ சிரித்த சிரிப்பில் ரோஜா விழித்துக்கொண்டாள். ‘ட்டி’யாம், ‘ட்டி’, இன்னொரு வாட்டி சொல்லு என்று கெஞ்சினாய். அப்புறம் பார்த்தால் நீயும் கள்ளிக்குப்பம்தான், எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஃபிளாட்டுக் கேட்டை ஒட்டி வண்டி போட்டுத் துணி தேய்க்கிறவள். மறுநாளே என் புடவையை வந்து பிடுங்கிக்கொண்டு போனாய். அன்றையிலிருந்து நான் கசங்கிய புடவையில் எந்த ஆபீஸ் படியும் ஏறியதில்லை.

என் வழக்கு எப்படி மாட்டிக்கொண்டிருந்தது என்று உனக்குத்தான் தெரியுமே. அம்பத்தூர் எஸ்டேட்டில் பேக்கிங் வேலைக்கு வந்த இடத்தில் பழக்கமாகி, இரண்டு வீட்டுக்கும் சொல்லாமல் ஒரு சின்ன அம்மன் கோயிலில் தாலி கட்டிக்கொண்டோம். ரிஜிஸ்டர் செய்யவில்லை. போட்டோ இருந்த போனும் அவரிடம். யாழினி தவழ ஆரம்பித்தபோது அவருக்கு ஆவடியில் நிரந்தர வேலை கிடைத்தது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் சாமிக்குத் தேங்காய் உடைத்தவள் நான். தேங்காய் மூடி காய்வதற்குள் மனிதர் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார். கேட்டால், எனக்குக் கல்யாணமே ஆகவில்லை, இந்தப் பெண் யாரென்றே தெரியாது என்று கோர்ட்டில் எழுதிக் கொடுத்தார். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் இருக்கிறதே என்றால், யாரோ என் பெயரைக் கொடுத்திருக்கிறார்கள் என்றார்.

இன்னொரு பக்கம் தாலுகா ஆபீஸ். கணவரால் கைவிடப்பட்டவர்களுக்கு அரசு மாதாமாதம் உதவித்தொகை தருகிறதே என்று அங்கே போனால், கணவரின் ஆதார் நகல் எங்கே, அவர் உங்களைக் கைவிட்டதற்கு அத்தாட்சி எங்கே என்றார்கள். காலையில் கோர்ட்டில் எனக்குப் புருஷன் இல்லை. மதியம் தாலுகா ஆபீஸில் இருக்கிறார். நான் வண்டி பக்கத்தில் நின்று ஒப்பாரி வைத்தேன். நீ ஒரு சட்டைக் காலரைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, ஒரே நாள்ல கண்ணாலமும் ஆயி அத்தும் பூட்ச்சா ஒனக்கு, பலே ஆளுமே நீ என்றாய். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துத் தொலைத்தேன். உன்னோடு இது ஒரு தொல்லை, முழுசாக அழவே விடமாட்டாய்.

இலவச சட்ட உதவியில் எனக்குக் கிடைத்த வக்கீலம்மா நல்லவர். ரத்தப் பரிசோதனை கேட்கலாம், ஆனால் அவர்கள் இழுத்தடிப்பார்கள், பொறுமை வேண்டும் என்றார். பொறுமை இருந்தது, பால் பவுடர்தான் இல்லை.

அப்போதுதான் அந்த நாள் வந்தது. 

அந்த வராந்தாவில் நமக்குள் ஒரு ஏற்பாடு உண்டு. டவாலி வெளியே வந்து பெயரை மூன்று முறை கூப்பிடுவார். ஆள் இல்லையென்றால் வழக்கைத் தள்ளிவிடுவார்களோ என்று பயம். அதனால் டீக்கும் போக மாட்டோம், பாத்ரூமுக்கும் போக மாட்டோம். பிள்ளையோடு வந்தவளுக்கு அது நடக்குமா? ஆகவே ஒருத்தி போனால் பக்கத்தில் இருப்பவள் அவளுக்காக ‘ஆஜர், இதோ வர்றாங்க’ என்று குரல் கொடுக்க வேண்டும். அதற்குள் போனவள் ஓடி வந்துவிடுவாள். அன்றைக்கு யாழினி பாவாடையை நனைத்துவிட்டாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன். போகும்போது உன்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன்.

டவாலி என் பெயரைக் கூப்பிட்டார், ‘கலைவாணி’ என்று. நீ ஆஜர் என்றாய். அதோடு நின்றிருந்தால் நீ நீயாக இருப்பாயா? கூட்டத்தில் உன் குரல் கேட்டிருக்காதோ என்று உள்ளேயே போய், எனக்கு உரிய இடத்தில் நின்றுகொண்டு இன்னொரு முறை ஆஜர் என்றாய். மாஜிஸ்திரேட் ஐயா தலையைத் தூக்கி, கள்ளிக்குப்பமா என்று கேட்டார். நீ ஆமாங்கய்யா என்றாய். அது பொய்யில்லையே! அப்பால ‘நா அவ இல்லீங்க’ன்னு சொல்றதுக்குள்ள நாக்கு ஒட்டிகிச்சுமே என்று நீ பிறகு சத்தியம் பண்ணினாய். உன் நாக்கு ஒட்டிக்கொண்டது என்பதை மட்டும் நான் இன்றுவரை நம்பவில்லை.

அந்தப் பக்கம் நின்ற யாழினியின் அப்பா துள்ளிக் குதித்தார்.

“ஐயா, இது கலைவாணி இல்லீங்க! ஆள் மாறாட்டம் பண்றாங்க. கலைவாணி ஒல்லியா இருக்கும், முன்னாடி பல்லு கொஞ்சம் எத்தினாப்ல இருக்கும். எனக்குத் தெரியாதா?”

அவருடைய வக்கீல் கண்ணை மூடிக்கொண்டாராம். டைப் அடித்துக்கொண்டிருந்தவர் கையை எடுத்துவிட்டாராம். மாஜிஸ்திரேட் ஐயா பேப்பரைப் புரட்டி, நிதானமாக, “யாருன்னே தெரியாதுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்களே, பல்லு வரைக்கும் எப்படித் தெரியும்?” என்று கேட்டாராம். சரியாக அந்த நேரத்தில் ஈரப் பிள்ளையோடு நான் உள்ளே ஓடி வருகிறேன். எல்லாரும் என் பல்லைப் பார்க்கிறார்கள்! எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

உனக்கு நல்ல டோஸ் கிடைத்தது. இன்னொரு முறை அடுத்தவர் இடத்தில் நின்றால் உள்ளே போக வேண்டியிருக்கும் என்று ஐயா எச்சரித்தார். வெளியே வந்து சுவரில் சாய்ந்து நடுங்கினாய். பிறகு சிரித்தாய். நடுக்கமும் சிரிப்புமாக, டீக்கடை வரை என்னைப் பிடித்துக்கொண்டே நடந்தாய். அந்தப் பல் பேச்சை வக்கீலம்மா கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அதற்குமேல் யாழினியின் அப்பாவால் மறுத்து நிற்க முடியவில்லை. சம்பளத்திலேயே பிடித்துப் பிள்ளையின் பெயருக்கு அனுப்பும்படி உத்தரவு வந்தது. யாழினிக்குப் பாலும் வந்தது, அப்பாவும் காகிதத்தில் வந்தார். நீ என்னை ‘எத்துப்பல்லு’ என்று கூப்பிட ஆரம்பித்ததும் அன்றையிலிருந்துதான்.

என்னைக் கரையேற்றிவிட்டு நீ வருஷக்கணக்காக அங்கேயே உட்கார்ந்திருந்தாய். ரோஜாவின் அப்பா கல்யாணத்தை மறுக்கவில்லை, வேலையைத்தான் மறுத்தார். டிரைவர் வேலை. உத்தரவு வருகிற மாதிரி இருந்தால் வேலை போய்விடும். வாய்தா தள்ளிப்போனால் வேலை வந்துவிடும். கோர்ட்டு லீவு வுட்டாத்தான் அவன் வேலைக்கே போவான் என்று எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பாய். சிரிப்பாய், சாயங்காலம் போய் அடுத்த மூட்டைத் துணியை எடுப்பாய்.

போன மழையில் வந்த காய்ச்சல் உன்னை இப்படி ஒரேயடியாகச் சாய்க்கும் என்று யார் கண்டது? ஆஸ்பத்திரிக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னதை நான் எத்தனையோ முறை எனக்குள் சொல்லிப் பார்த்துவிட்டேன்.

“ரோஜாவ அவன்கைல குட்த்துறாதமே. எங் கேச வுட்றாத. பேர கூப்ட்டா நீ ஆஜர் சொல்லிடு.”

சரி என்றேன். அந்த இரண்டு வார்த்தையும் ஒன்றோடு ஒன்று முட்டிக்கொள்ளும் என்று எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரிந்திருக்காது. நீ போன பிறகு ரோஜாவை என் வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டு, வக்கீலம்மாவைப் பார்த்தேன். தாய் இறந்தாலும் பிள்ளைக்கு உரியது அப்படியே இருக்கிறது, பிள்ளைக்காக யாராவது நின்று நடத்தலாம் என்றார். நான் நிற்கிறேன் என்றேன். உடனே அவர் குரல் இறங்கிவிட்டது. “ஒண்ணு யோசிச்சுக்கோங்க. அம்மா இல்லேன்னா அப்பாவுக்குத்தான் முதல் உரிமை. பணம் கட்டச் சொல்லி நெருக்கினா, பிள்ளையை நானே வெச்சுக்கறேன்னு கேட்டாலும் கேப்பார்.”

வழக்கை நடத்தினால் ரோஜா போய்விடலாம். விட்டால் உன் வார்த்தை போய்விடும்.  என் சம்பளத்திலேயே இரண்டு பிள்ளைகளையும் வளர்த்துவிடுவோம், வம்பே வேண்டாம் என்று ஒரு நாள் முடிவுகூடக் கட்டினேன். ரோஜாவிடம் மெல்லச் சொன்னேன். அவள் ஹோம்வொர்க் எழுதிக்கொண்டே, அப்போ அம்மா பேரக் கூப்ட்டா யாருமே பதில் சொல்ல மாட்டாங்களா என்று கேட்டாள். உன் பிள்ளைதான், சந்தேகமே இல்லை. முடிவைக் குப்பையில் போட்டேன்.

ரோஜாவின் அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று தெரிய வேண்டுமே! அதுவும் தானாக வந்து மாட்டியது. ஐயப்பன்தாங்கலில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு டிப்போ பக்கம் நிற்கிறேன். ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வருகிறது. ஸ்டியரிங்கில், கழுத்தில் பட்டையும் அட்டையுமாக, உன் ஆள்! வேலையே இல்லை என்று போன வாய்தாவில்தான் கையெழுத்துப் போட்டவர். நான் போனை எடுத்தேன். எடுத்த அவசரத்தில் முதல் படத்தில் என் கட்டை விரல்தான் விழுந்தது. சிக்னல் புண்ணியத்தில் வேன் அங்கேயே நின்றது. வண்டி எண், ஆள், சிரிப்பு எல்லாம் சேர்த்து எடுத்துவிட்டேன். வக்கீலம்மா அதை வைத்துக்கொண்டு, அந்த வேன் கம்பெனியிடமிருந்து சம்பள விவரத்தைக் கோர்ட் மூலமாகவே வரவழைத்தார்.

இன்றைக்குத்தான் அது விசாரணைக்கு வந்தது. பிள்ளையையும் அழைத்து வரச் சொல்லியிருந்தார்கள். ரோஜாவின் யூனிபார்மை உன் பெட்டியில் தேய்த்தேன். பாவாடை மடிப்பு விறைப்பாக நின்றது. நீ பார்த்திருந்தால் பரவாயில்லையே எத்துப்பல்லு என்றிருப்பாய்.

பட்டியலில் இன்னும் உன் பெயர்தான் இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. டவாலி வெளியே வந்து உன் பெயரைக் கூப்பிட்டார். முழுப் பெயரும், உன் அப்பா பெயரோடு. வராந்தாவில் எங்கேயோ நீ டீ குடிக்கப் போயிருக்கிற மாதிரி இருந்தது எனக்கு. இரண்டாவது முறை கூப்பிட்டார்.  ரோஜா என் கையை அமுக்கினாள். மூன்றாவது முறை கூப்பிட வாயைத் திறந்தார், நான் ஆஜர் என்று கத்தினேன். கொஞ்சம் பலமாகத்தான் கத்திவிட்டேன். பக்கத்துக் கோர்ட்டிலிருந்துகூட எட்டிப் பார்த்தார்கள்.

இப்போது இருப்பவர் ஒரு மாஜிஸ்திரேட் அம்மா. நீங்கள்தான் மனுதாரரா என்று கேட்டார். இல்லீங்கம்மா, அவங்க தவறிட்டாங்க, அவங்க பிள்ளைக்காக வந்திருக்கேன் என்றேன். எதிர் வக்கீல் உடனே எழுந்து, இந்தப் பெண் யார், ரத்த சொந்தமா, என்ன பாத்தியதை என்றார்.  உன்னை என்ன முறை சொல்லிச் சொல்வது? வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்தவள் என்றா?

மாஜிஸ்திரேட் அம்மா அவரை உட்காரச் சொல்லிவிட்டு ரோஜாவின் அப்பா பக்கம் திரும்பினார். அடுத்துக் கேட்டார் பார், நான் பயந்து பயந்து செத்த அந்தக் கேள்வியை.

“சரி, நீங்கதான் அப்பா. பிள்ளையை இன்னைக்கே கூட்டிட்டுப் போறீங்களா?”

எனக்கு உயிர் போய் உயிர் வந்தது என்பார்களே, வரவில்லை, போனது அப்படியே நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை அந்த மனிதர் வாயிலிருந்து விழுந்தால் போதும், ரோஜாவின் பையைக்கூட நான்தான் கட்டிக் கொடுத்து அனுப்ப வேண்டும். ரோஜா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ரோஜாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார், வக்கீலைப் பார்த்தார். கழுத்தைச் சொறிந்தார்.

“ஊட்ல ஒத்துக்க மாட்டாங்கம்மா” என்றார்.

பிள்ளை எத்தனையாவது படிக்கிறாள் என்று அம்மா கேட்டார். அவர் அஞ்சு என்றார், பிறகு ஆறு என்றார்.  ரோஜாவே, எட்டாம் வகுப்பு, ஆ பிரிவு மிஸ் என்றாள். டீச்சரிடம் சொல்கிற மாதிரி ‘மிஸ்’ என்று வந்துவிட்டது அவளுக்கு. அம்மா சிரித்துவிட்டார். யாரோடு இருக்க ஆசை என்று கேட்டார்.  ரோஜா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். நான் பாடுபட்டுத் தேய்த்த முந்தானையை ஒரே பிடியில் கசக்கிவிட்டாள்! கசங்கட்டும், கசங்கட்டும் என்று எனக்குள் கூத்தாடினேன்.

ஜெயித்துவிட்டோம்டி! அப்பாடா, சொல்லிவிட்டேன். வேன் கம்பெனி அவர் சம்பளத்திலேயே பிடித்து மாதாமாதம் ரோஜாவின் கணக்கில் போட வேண்டும். வேலை மாறினால் கோர்ட்டுக்குச் சொல்லிவிட்டுத்தான் மாற வேண்டும். பிள்ளை என்னிடமே இருக்கலாம். வக்கீலம்மா வெளியே வந்து என் தோளில் தட்டினார். நான் அவரைக் கட்டிப்பிடித்து, கறுப்புக் கோட்டு முழுக்க என் கண்ணீரைத் தடவிவிட்டேன். நம் டீக்கடையில் மூன்று டீ சொன்னேன். இரண்டு பேருக்கு எதற்கு மூன்று என்று கடைக்காரர் கேட்டார். உனக்கு வாங்கியதை ரோஜாவே குடித்துவிட்டாள்.

ஒரே ஒரு விஷயம்தான் பஸ்ஸில் வரும்போது மனதைப் பிசைந்தது. வழக்கு முடிந்துவிட்டது, பட்டியலிலிருந்து உன் பெயரை எடுத்துவிடுவார்கள். இனி அந்த வராந்தாவில் யாரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள். இத்தனை மாதம் வாய்தாவுக்கு வாய்தா உன் பெயர் பேப்பரிலாவது உயிரோடு இருந்தது. ஜெயித்த சந்தோஷத்திலும் எனக்கு இது தாங்கவில்லை. உன்னை நினைத்து நான் முழுசாக அழுதது இன்றைக்குத்தான், அந்தத் தைலக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து.

இதை எழுதி முடிக்கும்போது என்னை அறியாமல் உன் பெயரை வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. டவாலி கூப்பிடுகிற மாதிரியே, முழுப் பெயரும், அப்பா பெயரோடு. உள்ளே யாழினிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த ரோஜா, வாயில் ரிப்பனைக் கடித்தபடியே பதில் சொன்னாள்.

“ஆஜர்.”